வியட்நாமின் சதுரத் துளைக் காசுகள்: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

வட்டமான ஒரு காசு. நடுவில் சதுரமாக ஒரு துளை. துளையைச் சுற்றி நான்கு சீன எழுத்துகள். பின்பக்கம் பெரும்பாலும் வெறுமை. 10ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வியட்நாமில் காசு என்றால் இதுதான். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இந்த உருவம் மாறவில்லை.

நம் பக்கத்துக் காசுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். அரசனின் முகம் இல்லை, புலியோ மீனோ வில்லோ இல்லை, வெளியிட்ட ஆண்டு இல்லை. பெரும்பாலான காசுகளில் மதிப்புகூட எழுதியிருக்காது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வேறுபாடு என்றே முதலில் புரியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இந்தக் காசுகள் நிறையவே சொல்லும். காசில் இருக்கும் பெயர், அது வார்க்கப்பட்ட உலோகம் ஆகிய இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவது ஒன்று உண்டு. அது காசில் எங்கும் எழுதப்பட்டிராது: எத்தனை காசு சேர்ந்தால் ஒரு சரம் என்ற எண்ணிக்கை. வியட்நாமியக் காசுகளின் வரலாற்றை அரச வம்சங்களின் வரிசையாகச் சொல்வதுதான் வழக்கம். வம்சங்கள் இந்தக் கட்டுரையிலும் வரும். ஆனாலும் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் இந்த வரலாறு உண்மையில் விளங்கும் என்பது என் கருத்து.

காசைப் படிப்பது எப்படி

சீன எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முறை எளிது. பெரும்பாலான காசுகளில் மேலே உள்ள எழுத்தை முதலில் படிக்க வேண்டும். அடுத்து கீழே, பிறகு வலம், கடைசியில் இடம். சில காசுகளில் மட்டும் மேலிருந்து தொடங்கிக் கடிகார முள் சுற்றும் திசையில் படிப்பார்கள்.

முதல் இரண்டு எழுத்துகள் ஆட்சிக்காலத்தின் பெயர். அது அரசனின் சொந்தப் பெயர் அல்ல. அரியணை ஏறும்போது தன் ஆட்சிக்கு அவன் சூட்டிக்கொள்ளும் மங்கலப் பெயர். நுயென் ஹுவே என்ற மாவீரனின் காசுகளில் குவாங் த்ருங் என்றுதான் இருக்கும். சில அரசர்கள் ஆட்சியின் நடுவிலேயே பெயரை மாற்றிக்கொண்டார்கள். லே தான் தோங் 1460 முதல் 1469 வரை குவாங் துவான் என்ற பெயரையும், 1470 முதல் 1497 வரை ஹோங் டுக் என்ற பெயரையும் பயன்படுத்தினார். இரண்டிலும் காசுகள் உண்டு. காசில் ஆண்டு இல்லாவிட்டாலும் இந்தப் பெயரை வைத்துக் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

கடைசி இரண்டு எழுத்துகள் பெரும்பாலும் ‘தோங் பாவோ’ என்றிருக்கும். புழக்கத்தில் ஓடும் செல்வம் என்று பொருள். ‘நுயென் பாவோ’ என்றும் வரும், அது முதற்செல்வம். ஆக ‘மின் மாங் தோங் பாவோ’ என்று ஒரு காசில் இருந்தால், 1820 முதல் 1841 வரை ஆண்ட மின் மாங் காலத்தின் புழக்கக் காசு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, புதிதாகப் பார்ப்பவர்கள் அதில் மாட்டிக்கொள்வது வழக்கம். ஒரே பெயர் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு காலங்களில் வந்திருக்கும். ‘தாய் பின் தோங் பாவோ’ என்ற அதே நான்கு எழுத்துகளோடு 10ஆம் நூற்றாண்டின் சீனச் சோங் வம்சக் காசும் உண்டு, அதற்கு வெகுகாலம் கழித்துத் தெற்கு வியட்நாமில் வார்த்த காசும் உண்டு. அப்போது எழுத்தின் வடிவம், விளிம்பின் அகலம், எடை, உலோகம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

துளை ஏன் சதுரம்?

சரமாகக் கோப்பதற்குத் துளை வேண்டும், சரி. அது ஏன் வட்டமாக இல்லை? வானம் வட்டம், பூமி சதுரம் என்ற பழைய சீனக் கருத்தை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் இன்னொரு காரணம் தெரியும்.

இந்தக் காசுகள் சுத்தியலால் அடித்து எடுக்கப்பட்டவை அல்ல, வார்க்கப்பட்டவை. நன்றாகச் செதுக்கிய ‘தாய்க்காசு’களை ஈர மணலில் வரிசையாக அழுத்தி அச்செடுப்பார்கள். இரண்டு மணற்பெட்டிகளை எதிரெதிராகப் பொருத்தி, நடுவில் ஒரு வாய்க்காலும் அதிலிருந்து ஒவ்வொரு காசுக்கும் ஒரு சிறு கிளையும் விட்டு, உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் பிரித்தால், காசுகள் காய்த்த மரம் போல ஓர் உருவம் வெளியே வரும். காசுகளை ஒவ்வொன்றாக ஒடித்தெடுத்த பிறகு, ஓரத்தில் பிசிர் நிற்கும். அதை ஒவ்வொரு காசாக அராவிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு சதுரக் கம்பியில் பல காசுகளை நெருக்கமாகக் கோத்து, மொத்தமாக அராவினார்கள். துளை சதுரமாக இருந்தால்தான் அராவும்போது காசு கம்பியில் சுழலாமல் நிற்கும்.

வார்ப்பு முறையின் விளைவு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்த வேலைக்குப் பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை. மணல், உலை, உலோகம், கொஞ்சம் கைத்திறன் இருந்தால் போதும். ஆகவே கள்ளக் காசு வார்ப்பதும் எளிது. இந்த ஆயிரம் ஆண்டு வரலாறு முழுக்க அந்தத் தலைவலி எல்லா அரசர்களையும் தொடர்ந்து வந்தது.

தொடக்கம்: 970

கி.மு. 111 முதல் சுமார் ஆயிரம் ஆண்டுகள் வடக்கு வியட்நாம் சீனப் பேரரசுகளின் கீழ் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே புழங்கியவை சீனக் காசுகள்தான். 938இல் பாக் டாங் ஆற்றில் நடந்த போரில் நுகோ குயென் சீனப் படையை வீழ்த்தியதோடு அந்த ஆட்சி முடிந்தது. பின்னர் பன்னிரண்டு குறுநிலத் தலைவர்கள் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த நாட்டை டின் போ லின் ஒன்றாக்கினார். 968இல் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டு, இன்றைய நின் பின் பகுதியில் உள்ள ஹோவா லூவைத் தலைநகராக்கினார். 970இல் ‘தாய் பின் ஹுங் பாவோ’ என்ற காசை வெளியிட்டார். வியட்நாமியரின் முதல் காசாக வரலாறு கணக்கில் வைத்திருப்பது இதைத்தான்.

இந்தக் காசின் பின்பக்கத்தில் ‘டின்’ என்ற எழுத்து இருப்பதைக் கவனிக்க வேண்டும். அது குடும்பப் பெயர். சீனாவில் அரச வம்சத்தின் குடும்பப் பெயரைக் காசில் பொறிக்கும் வழக்கமில்லை. உருவம், எழுத்து, துளை எல்லாம் சீனத்திலிருந்து வந்தவை, ஆனால் இது எங்கள் வீட்டுக் காசு என்று பின்பக்கம் சொல்கிறது. அடுத்து வந்த லே ஹோவான் 981இல் சோங் படையெடுப்பை முறியடித்தவர். 984இல் அவர் வெளியிட்ட ‘தியென் ஃபுக் த்ரான் பாவோ’ காசின் பின்பக்கத்திலும் ‘லே’ என்ற எழுத்து இருக்கும். அந்த இரண்டு காசுகளும் சந்தைக்காக மட்டும் வார்க்கப்பட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாகப் பிறந்த ஓர் அரசு தன் பெயரைச் சொல்லிக்கொண்ட விதம் அது.

1010இல் தலைநகரம் தாங் லாங்குக்கு, அதாவது இன்றைய ஹனோய்க்கு மாறியது. லீ வம்சமும் காசு வார்த்தது, ஆனால் தேவைக்குப் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை சீனச் சோங் காசுகள். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோங் அரசு ஓர் ஆண்டுக்கு 50 லட்சம் சரங்களுக்கு மேல் காசு வார்த்த காலமும் இருந்தது. கடல்வழியாக அவை ஆசியா முழுக்கப் பரவின. தஞ்சைப் பகுதியில் தாலிக்கோட்டை, விக்ரம், ஒலயக்குன்னம் ஆகிய ஊர்களில் கிடைத்த சீனக் காசுப் புதையல்களும் அந்தக் கடல் வணிகத்தின் எச்சம்தான். வியட்நாமில் இன்று நிலத்தைத் தோண்டும்போது கிடைக்கும் பழைய காசுக் குவியல்களிலும் சீனக் காசுகளே பெரும்பங்கு. யாருடைய காசு என்று சந்தையில் யாரும் கேட்கவில்லை. வட்டமாக, துளையோடு, சரத்தில் கோக்கும்படி இருந்தால் போதும்.

69ஆ, 70ஆ?

இனி எண்ணிக்கைக்கு வருவோம். கணக்கின் அலகுகள் மூன்று. ஒற்றைக் காசு ஒரு ‘வான்’. பேச்சில் ‘டோங்’ என்பார்கள். அதில் ஒரு கட்டு சேர்ந்தால் ஒரு ‘தியென்’. பத்து தியென் ஒரு ‘குவான்’, அதாவது ஒரு முழுச் சரம். சிக்கல் நடுவில்தான்: ஒரு தியெனுக்கு எத்தனை வான்?

நூறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொடக்கத்தில் சீனத்திலும் கணக்கு அதுதான். ஆனால் காசுத் தட்டுப்பாடு வரும்போது, நூறு என்று பெயர் சொல்லிவிட்டு அதற்குக் குறைவாகக் கோத்துத் தரும் பழக்கம் வளர்ந்தது. 77 காசைக் கோத்து அதை நூறாகக் கொள்வது சோங் சீனத்தில் சட்டப்படியே செல்லும். வியட்நாமில் 1226இல் த்ரான் வம்சத்தின் முதல் பேரரசர் த்ரான் தாய் தோங் ஓர் ஆணை போட்டார். மக்கள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது ஒரு தியெனுக்கு 69 காசு. அரசுக்குச் செலுத்தும்போது 70 காசு.

ஒரே ஒரு காசுதான் வேறுபாடு. ஆனால் அரசு அதில் எவ்வளவு கவனமாக இருந்தது பாருங்கள். சந்தையில் 69 காசில் கோத்த கட்டை வரி கட்டுமிடத்தில் நீட்டினால் செல்லாது. இன்னொரு காசு எடுக்க வேண்டும். எழுபதில் ஒன்று என்பது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. புதிய வரி என்று பெயர் வைக்காமலே கருவூலத்துக்குள் வந்துகொண்டிருந்த பணம் அது. அதே நேரத்தில் இன்னொன்றும் தெரிகிறது: 69 காசு ஒரு தியெனாக ஓடியது என்றால், காசின் மதிப்பு செம்பின் எடையில் மட்டும் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையிலும் அது இருந்தது.

காசைத் தடை செய்த ஹோ குவி லி

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் த்ரான் வம்சம் தளர்ந்துபோயிருந்தது. அதிகாரம் அமைச்சர் ஹோ குவி லியின் கையில். 1396இல் அவர் ஒரு பெரிய காரியத்தைச் செய்தார். ‘தோங் பாவோ ஹோய் சாவ்’ என்ற காகிதப் பணத்தை வெளியிட்டு, செம்புக் காசுகளின் புழக்கத்தையே தடை செய்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு படம் வரையப்பட்டது. 10 வானுக்குக் கடற்பாசி, 30 வானுக்கு நீரலை, ஒரு தியெனுக்கு மேகம், இரண்டு தியெனுக்கு ஆமை, மூன்றுக்கு லான் என்ற புராண விலங்கு, ஐந்துக்குப் பீனிக்ஸ் பறவை, ஒரு குவானுக்கு டிராகன். மதிப்பு ஏற ஏறப் படத்தின் மரியாதையும் ஏறுகிறது. மக்கள் தங்களிடம் உள்ள காசுகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஒரு குவான் காசுக்கு ஒரு குவான் இரண்டு தியென் மதிப்புள்ள தாள் கிடைக்கும். கள்ளத் தாள் அடித்தால் மரண தண்டனை. காசை ஒளித்துவைத்தாலும் அதே தண்டனை.

செம்பை ஆயுதம் செய்யத் திரட்டுவதற்காகவே இதைச் செய்தார் என்று வரலாற்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். தெற்கே சம்பா என்ற அரசோடு நெடுங்காலப் போர், வடக்கே மிங் சீனாவின் அச்சுறுத்தல் என்று இருந்த நிலையில் அது நம்பக்கூடிய காரணம்தான். 1400இல் அவரே அரியணையில் ஏறினார். 1407இல் மிங் படை அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. அந்தத் தாள்கள் மக்களிடம் வேரூன்றவே இல்லை. திட்டத்தில் அறிவுக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. படங்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே யோசனை தெரிகிறது. ஆனால் ஐந்து மாதம் கழித்தும் இது செல்லும் என்று நம்பவைக்க ஓர் அரசுக்கு நிலைத்த வாழ்வு வேண்டும். அது ஹோ குவி லிக்கு அமையவில்லை.

600 என்ற எண் பிறந்தது

மிங் ஆட்சியை எதிர்த்துப் பத்தாண்டு போரிட்டு வென்ற லே லோய் 1428இல் பேரரசரானார். நாட்டில் காசே இல்லை. இருந்தவை உருக்கப்பட்டிருந்தன, அல்லது வெளியே போயிருந்தன. ‘துவான் தியென் நுயென் பாவோ’ என்ற புதுக் காசை அவர் வார்க்கச் சொன்னார். 50 வான் ஒரு தியென் என்று கணக்கு வைத்தார். காசு குறைவாக இருந்த நாட்டில் கட்டும் சிறிதாக இருந்தது இயல்பு.

1439இல் அவருடைய மகன் லே தாய் தோங் அதை 60 ஆக்கினார். 60 வான் ஒரு தியென், 10 தியென் ஒரு குவான். ஆக ஒரு குவானுக்கு 600 காசு. இந்தக் கணக்கு நிலைத்தது. பிற்காலத்தில் 36 வானை ஒரு தியெனாகக் கொள்ளும் இன்னொரு கணக்கும் பக்கத்தில் ஓடியது உண்மை. அதில் ஒரு குவான் 360 காசுதான். ஆனால் முழுக் குவான் என்றால் 600. வம்சங்கள் மாறின, நாடு இரண்டாகப் பிரிந்தது, செம்பு போய்த் துத்தநாகம் வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 600 மட்டும் நகரவில்லை.

வியட்நாமிய நாட்டுப்பாடல் ஒன்று இதை அப்படியே சொல்கிறது: ஒரு குவான் என்பது 600 டோங், மாதா மாதம் சிறுகச் சேர்த்துக் கணவனைத் தேர்வெழுத அனுப்ப வேண்டும் என்று ஒரு மனைவி பாடுகிறாள். இன்னொரு பாடலில், ஒரு குவானோடு சந்தைக்குப் போனவளிடம் எதை வாங்கினாய், கணக்கு இடிக்கிறதே என்று கணவன் கேட்கிறான். கோழி மூன்று தியென் என்று தொடங்கி, அரிசி, இறைச்சி, மீன் சாறு, வாழைப்பழம் என்று அவள் ஒவ்வொன்றாக ஒப்புவிக்கிறாள். வரிகள் ஊருக்கு ஊர் மாறும். மூன்று தியென் என்றால் 180 காசு. 60ஆல் பெருக்கத் தெரியாமல் அங்கே குடும்பம் நடத்த முடியாது. அலகுகள் எப்படி வேலை செய்தன என்று புரிந்துகொள்ள, எந்த அட்டவணையையும்விட அந்தப் பாடல்தான் நல்ல பாடம் என்பேன்.

அதே லே தாய் தோங் காலத்தில் இன்னொரு ஆணையும் வந்தது. தேய்ந்த காசு, ஓரம் உடைந்த காசு என்று சொல்லி வாங்க மறுக்கக் கூடாது, சரத்தில் கோக்க முடிந்தால் அது செல்லும். காசு பற்றாத நாட்டில் இது நியாயமான சட்டம். மதிப்பு எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் அரசு சொல்லிவிட முடியாது.

லே வம்சத்தின் 15ஆம் நூற்றாண்டுக் காசுகள், குறிப்பாக லே தான் தோங் காலத்தவை, வியட்நாமின் மிக அழகான வார்ப்புகளில் சேரும். எழுத்து தெளிவு, விளிம்பு சீர், உலோகம் திடம். 1527இல் ஆட்சியைப் பிடித்த மாக் வம்சத்தின் காசுகளில் தரம் சரிந்தது. சில இரும்பிலும் வார்க்கப்பட்டன.

ஜப்பானிலிருந்து வந்த சரங்கள்

17ஆம் நூற்றாண்டில் நாடு இரண்டாகப் பிரிந்துகிடந்தது. வடக்கே த்ரின் பிரபுக்கள், தெற்கே நுயென் பிரபுக்கள். பெயரளவில் லே பேரரசர் ஹனோயில் இருந்தார். இரு தரப்புக்கும் போருக்குச் செம்பு வேண்டும், சந்தைக்குக் காசு வேண்டும். நுயென் பிரபுக்களின் நிலத்தில் செம்புச் சுரங்கம் என்று சொல்லும்படி இல்லை.

ஜப்பானில் செம்பு நிறைய இருந்தது. ஜப்பானிய வணிகர்களும், 1630களில் ஜப்பான் தன் மக்கள் கடல் கடப்பதைத் தடை செய்த பிறகு சீனர்களும் டச்சுக்காரர்களும், ஹோய் ஆன் துறைமுகத்துக்கும் வடக்கே டோங்கினுக்கும் கப்பல் கப்பலாகக் காசு கொண்டுவந்து பட்டு வாங்கிப் போனார்கள். 1659 முதல் 1685 வரை நாகசாகியில் ஏற்றுமதிக்கென்றே காசு வார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலும் எழுதியிருந்த பெயர் 11ஆம் நூற்றாண்டுச் சோங் சீனாவின் ஆட்சிக்காலப் பெயர். அறுநூறு ஆண்டு பழைய பெயர்! சோங் காசு என்றால் இந்தப் பக்கத்துச் சந்தைகளில் கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள் என்பது நாகசாகிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று வியட்நாமில் கிடைக்கும் ‘சோங்’ காசுகளில் ஒரு பங்கு இப்படி ஜப்பானில் பிறந்தவை.

துத்தநாகம் வந்தபோது

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பான் தன் செம்பு ஏற்றுமதியை இறுக்கியது. தெற்கில் காசு வற்றத் தொடங்கியது. 1746இல் நுயென் ஃபுக் கோவாட் என்ற பிரபு துத்தநாகக் காசு வார்க்க அனுமதித்தார். துத்தநாகம் குறைந்த சூட்டில் உருகும், விலை மலிவு, கடல்வழி இறக்குமதி செய்யலாம். முதலில் நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

பிறகு கட்டணம் வாங்கிக்கொண்டு தனியாருக்கும் பட்டறை நடத்த உரிமை கொடுத்தார்கள். பட்டறைகள் பெருகின. ஒவ்வொருவரும் காசை இன்னும் மெலிதாக்கினார்கள், ஈயம் கலந்தார்கள். ஆயிரக்கணக்கில் புதுக் காசு குவிய, நல்ல செம்புக் காசுகளை மக்கள் வீட்டுக்குள் பதுக்கிவிட்டார்கள். கையில் வந்த துத்தநாகக் காசை வைத்திருக்கப் பயந்து அதை உடனே நெல்லாக மாற்ற எல்லோரும் முயன்றார்கள். நெல் வைத்திருந்தவர்களோ விற்க மறுத்தார்கள். விளைச்சல் இருந்தும் அரிசி விலை ஏறியது. 1776இல் அந்தப் பகுதியை நிர்வகிக்க வடக்கிலிருந்து அனுப்பப்பட்ட அறிஞர் லே குவி டோன், இந்தக் காசுக் குழப்பத்தைத் தன் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

1771இல் தாய் சோன் என்ற ஊரில் மூன்று சகோதரர்கள் தொடங்கிய கிளர்ச்சி நுயென் பிரபுக்களையும், த்ரின் பிரபுக்களையும், கடைசியில் லே வம்சத்தையும் சாய்த்தது. வரிக்கொடுமை, ஊழல், நெடும்போர் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. காசு கெட்டுப்போனதும் அவற்றில் ஒன்று. இங்கே எண்ணிக்கையின் எல்லையும் தெரிகிறது. தேய்ந்த காசையும் உடைந்த காசையும் 600க்குள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட மக்கள், யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வார்க்கலாம் என்றானதும் கையை விரித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் வடக்கில் கதை வேறு. துயென் குவாங் பகுதியின் து லாங் சுரங்கத்தில் செம்பு கிடைத்தது. 1740 முதல் 1786 வரை நீண்ட கான் ஹுங் ஆட்சிக்காலத்தில் எத்தனையோ பட்டறைகள் காசு வார்த்தன. கான் ஹுங் காசுகளில் எழுத்து வகை, கடைசிச் சொல், பின்பக்கக் குறி என்று பார்த்தால் பல பத்து வேறுபாடுகள் தேறும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் இதுதான். விலை அதிகமில்லை, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க நிறைய இருக்கிறது.

தாய் சோன் அரசர்களில் நுயென் ஹுவே, 1789இல் சீனாவின் சிங் படையைத் தாங் லாங்கில் தோற்கடித்தவர். அவருடைய குவாங் த்ருங் காசுகள் மெலிதானவை, ஏராளமாக வார்க்கப்பட்டவை. இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன.

ஹுவேயின் பேரரசர்கள்

1802இல் நாடு முழுவதையும் ஒன்றாக்கிய பேரரசர் ஜா லாங் ஹுவே என்ற நகரைத் தலைநகராக்கினார். ஹனோயில் அரசு நாணயச் சாலை அமைந்த இடம்தான் இன்று த்ராங் தியென் தெரு. ஓபரா மாளிகைக்குப் போகும் அந்தத் தெருவில் நடப்பவர்கள் பழைய காசு உலைகளின் மேல்தான் நடக்கிறார்கள்.

ஜா லாங் துத்தநாகத்தைக் கைவிடவில்லை, ஆனால் எடையைக் கட்டிப்போட்டார். பின்பக்கத்தில் ‘ஏழு ஃபான்’ என்று எடை எழுதிய காசுகள் அவர் காலத்தவை. ஏழு ஃபான் என்பது சுமார் 2.6 கிராம். 600ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு குவான் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். பத்து குவான் கடனை அடைக்கப் போகிறவருக்குத் தோள்வலி நிச்சயம். துத்தநாகம் எளிதில் ஒடியும், ஈரக்காற்றில் அரித்துப்போகும். வெள்ளி வாங்கி வைக்க முடியாத ஏழைகளின் சேமிப்பு இந்த உலோகத்தில்தான் இருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மின் மாங் வார்த்த பெரிய செம்புக் காசுகளின் பின்பக்கத்தில் கன்பூசிய அறநெறி வாசகங்கள் இருக்கும். கடைவீதிக்கு அல்ல, பரிசளிக்க. ஆசியத் துறைமுகங்களில் ஸ்பானிய, மெக்சிக வெள்ளி டாலர்கள் ஆட்சி செய்த காலம் அது. 1830களில் அவர் தன் பங்குக்குப் பறக்கும் டிராகன் பொறித்த வட்ட வெள்ளி நாணயம் வெளியிட்டார். துளை இல்லாத வியட்நாமிய நாணயம் என்பது அன்று புதுமை.

பேரரசர் து டுக் காலத்தில் தொல்லைகள் குவிந்தன. 1862 சைகோன் ஒப்பந்தப்படி பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் 40 லட்சம் டாலர் இழப்பீடு. 10 முதல் 60 வான் வரை மதிப்பெழுதிய பெரிய செம்புக் காசுகள் அவர் பெயரில் உண்டு. ‘ஆறு வான்’ என்று பின்பக்கத்தில் எழுதிய பித்தளைக் காசும் உண்டு. அதன் பொருள், இந்த ஒரு பித்தளைக் காசுக்கு ஆறு துத்தநாகக் காசு. பிற்காலத்தில் வந்த பேரரசர் தான் தாய் காலத்தில் இதே அளவுக் காசில் ‘பத்து வான்’ என்றிருக்கிறது. துத்தநாகம் எவ்வளவு இறங்கியது என்பதற்குக் காசே சாட்சி.

பிரெஞ்சுக்காரர்களும் 600ஐ ஏற்றார்கள்

பிரெஞ்சு ஆட்சி 1885இல் இந்தோசீனாவுக்கான வெள்ளிப் பியாஸ்தரை வெளியிட்டது. சைகோனில் வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பேரேடுகளும் பியாஸ்தரில்தான் ஓடின. ஆனால் ஒரு வெற்றிலை, ஒரு கோப்பை தேநீர் வாங்க வெள்ளி உதவாது. கிராமச் சந்தை இன்னும் துத்தநாகச் சரத்தில்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் முதலில் தங்கள் பத்தின் மடங்குக் கணக்குக்கு மக்களை இழுக்கப் பார்த்தார்கள். தெற்கில் 1879 முதல் சதுரத் துளையோடு வெண்கலக் காசு ஒன்றை அடித்தார்கள், மதிப்பு ஒரு பியாஸ்தரில் 500இல் ஒரு பங்கு. வடக்குக்காகப் பாரிஸில் 1905இல் அடித்த துத்தநாகக் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு எழுத்து, மறுபக்கம் சீன எழுத்து, நடுவில் அதே சதுரத் துளை. மதிப்பு: ஒரு பியாஸ்தரில் 600இல் ஒரு பங்கு. 1439இல் லே தாய் தோங் வைத்த எண்ணை 466 ஆண்டு கழித்துப் பாரிஸ் நாணயச் சாலை பொறித்திருக்கிறது. ஒரே ஒரு காசைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், நான் எடுப்பது இந்த 1905 காசைத்தான். அழகில் லே காலத்துக் காசுக்கு அருகில்கூட வராது. ஆனால் கூடையோடு சந்தைக்குப் போன பெண்களின் கணக்கு ஒரு பேரரசை வளைத்த ஆவணம் அது.

ஹுவேயில் பெயரளவில் இருந்த பேரரசர்கள் இதற்குப் பிறகும் காசு வெளியிட்டார்கள். காய் டின் காலத்தில் (1916–1925) எந்திரத்தில் அடித்த துளைக் காசுகள் வந்தன. கடைசிப் பேரரசர் பாவோ டாய் பெயரில் வார்த்த காசும் உண்டு, 1933இல் எந்திரத்தில் அடித்த மெல்லிய சிறு காசும் உண்டு. சீனாவே 1912ஐ ஒட்டி இந்த வகைக் காசை நிறுத்திவிட்டிருந்தது. ஆகச் சதுரத் துளைக் காசின் நெடுவரலாறு முடிந்தது அது பிறந்த நாட்டில் அல்ல, வியட்நாமில். இன்றைய வியட்நாமியப் பணத்தின் பெயர் மட்டும் பழைய டோங்தான்.

இன்று பார்க்க, வாங்க

ஹனோயில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்தக் காசுகளைக் காலவரிசையில் பார்க்கலாம். வீடுகளிலும் கோயில்களிலும் அவை இன்னும் வேலை செய்கின்றன. வழிபாட்டின்போது இரண்டு பழைய காசுகளைத் தட்டில் போட்டு முன்னோரின் சம்மதம் கேட்பார்கள். ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் விழுந்தால் சம்மதம். ‘சின் தியென்’ என்ற தாளக் கருவியில் சலங்கைக்குப் பதிலாக ஒலிப்பவையும் இந்தக் காசுகள்தான்.

வாங்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. சுற்றுலாத் தெருக்களில் பச்சை பூசிய போலிகள் மலிந்து கிடக்கின்றன. 970ஆம் ஆண்டுக் காசு என்று சொல்லி யாராவது மலிவு விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். பெரிய மதிப்புக் காசுகளிலும் அறவாசகக் காசுகளிலும் போலி அதிகம். கான் ஹுங், குவாங் த்ருங், மின் மாங் போன்ற சாதாரணப் புழக்கக் காசுகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றைப் போலி செய்வதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. எழுத்தின் ஓரங்கள் மழுங்கிக் கொழகொழவென்று தெரிந்தாலோ, பச்சைக் களிம்பு நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தாலோ சந்தேகப்படுங்கள். துத்தநாகக் காசு கிடைத்தால் ஈரம் படாமல் காகித உறையில் தனியாக வையுங்கள். அரிக்கத் தொடங்கிவிட்டால் அதைக் காப்பாற்றுவது கடினம்.